அம்மாவின் தோசைக்கல்லை எடைக்குப் போடலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

அப்பா காலமான பிறகு திருமங்கலம் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். வயது 67. கூடவே தன் இரும்புத் தோசைக்கல்லையும் கொண்டுவந்தார். மூட்டைக்குள்ளேயே கிடந்து துருவேறிவிட்டது. புதிதாக நான்ஸ்டிக் கல் வாங்கினோம். அம்மா அதைத் தொடுவதே இல்லை. "பழசை எடைக்குப் போட்டுரலாமா அத்தை?" என்று என் மனைவி கேட்டதற்கு "உங்க இஷ்டம்மா" என்றார். அன்று இரவு சாப்பிடவில்லை. ஒரு தோசைக்கல்லுக்கா இவ்வளவு வருத்தம்?

– வாசகர், சென்னை

அன்புள்ள வாசகருக்கு,

போடாதீர்கள். "உங்க இஷ்டம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மகன் வீட்டில் தன் பேச்சு எடுபடுமா என்ற தயக்கம் அதில் இருக்கிறது. ஒருவர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் பொருள்களும் அவருடைய 'நான்' என்பதில் அடக்கம் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே எழுதினார். தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பது, அரை வெங்காயத்தால் எண்ணெய் தேய்ப்பது, ஓரம் சிவந்ததும் திருப்புவது எல்லாம் அம்மாவின் கைக்குத் தெரிந்தவை. நான்ஸ்டிக்கில் வெறும் கல்லைக் காயவிடக்கூடாது, இரும்புக் கரண்டியால் சுரண்டக்கூடாது. அங்கே அந்தக் கைப்பக்குவம் செல்லாக்காசு. கணவரோடு இந்த இடமும் போய்விட்டது என்று அவர் நினைத்திருக்கலாம்.

ஆகவே கல்லைப் பழக்குங்கள். அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டுத் துருவைத் தேயுங்கள். புளித்தண்ணீர் ஊற்றினால் அரை மணி நேரத்துக்கு மேல் விடவேண்டாம். புளிப்பு இரும்பையே அரிக்கும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவையுங்கள். நல்லெண்ணெய் தடவி, துணியால் நன்றாகத் துடைத்தெடுத்து, புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. எண்ணெய் கூடினால் கல் பிசுபிசுக்கும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். முதல் சில தோசைகள் பிய்ந்துதான் வரும். மனைவியிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "இதுக்குத்தான் நான்ஸ்டிக்" என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

தேய்க்கும்போதே பேச்சுக் கொடுங்கள். "பழைய கதை சொல்லும்மா" என்றால் வாய் திறக்கமாட்டார். "இதை எங்கம்மா வாங்குன? அப்பாவுக்கு முறுகலா, மெத்துன்னா?" என்று கேட்டால் தானாக வரும். அழுதால் பேச்சை மாற்றாதீர்கள், அழட்டும்.

பசியும் தூக்கமும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.