ஆவணியில் முகூர்த்தம், கோயிலில் கல்யாணம்: மேரேஜ் லைசென்ஸை எப்போது, எப்படி வாங்குவது?

வாசகர் கேள்வி: நான் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறேன், எச்1பி விசா. எனக்கு நிச்சயமாகியிருக்கும் பெண் சியாட்டிலில் இருக்கிறார். ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் கல்யாணம். முந்தின வெள்ளி இரவுதான் அவர் இங்கே வருகிறார். மறுநாள் கவுண்டி அலுவலகத்துக்குப் போய் லைசென்ஸ் வாங்கிவிடலாமா? அவரே சியாட்டிலில் வாங்கி வந்துவிட்டால் போதாதா? டல்லாஸில் இருக்கும் என் அக்கா 3 நாள் காத்திருக்க வேண்டும் என்கிறார். அப்புறம், கல்யாணத்துக்குப் பிறகு மணப்பெண் பெயரோடு என் பெயரைச் சேர்ப்பதைக் கவுண்டி அலுவலகத்திலேயே முடித்துவிடலாமா?

பதில்: முதலில், சனிக்கிழமையை நம்ப வேண்டாம். கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலகங்கள் பொதுவாகத் திங்கள் முதல் வெள்ளி வரைதான். பெரும்பாலும் முன்கூட்டியே அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். வெள்ளி இரவு விமானம் இறங்கி ஞாயிறு தாலி கட்டுவது என்றால், சட்டப்படி செல்லுபடியாகும் லைசென்ஸ் கையில் இல்லாமலே முகூர்த்தம் வந்துவிடும். உங்கள் கல்யாணம் நடக்கும் கலிபோர்னியாவில் லைசென்ஸ் (கல்யாணம் செய்துகொள்ள அரசு தரும் அனுமதித் தாள்) முதலில், சடங்கு பிறகு. குருக்கள் சடங்கைத் தொடங்குவதற்கு முன் அந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. கலிபோர்னியாவில் காத்திருப்புக் காலம் கிடையாது, ரத்தப் பரிசோதனை கிடையாது. இந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்றோ அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. வாங்கிய நாளிலிருந்து லைசென்ஸ் 90 நாள் செல்லும். ஆகஸ்ட் 30க்கு 90 நாள் முன்னால் என்றால் ஜூன் முதல் வாரம். ஆக, ஜூலையில் ஏதாவது ஒரு வார நாளில் அவர் ஒருமுறை வந்து போனால் போதும். அன்றைக்கே வாங்கிவிடலாம். இருவரும் சேர்ந்தே கவுண்டரில் நிற்க வேண்டும் என்பதால், ஒருவர் மட்டும் போய் மற்றவருக்காகக் கையெழுத்துப் போடுவது நடக்காது.

சியாட்டிலில் வாங்கும் லைசென்ஸ் வாஷிங்டன் மாநிலத்துக்குள் நடக்கும் கல்யாணத்துக்குத்தான். லிவர்மோருக்கு அது உதவாது. உங்கள் அக்கா சொல்வது டெக்சாஸுக்குச் சரி, அங்கே 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நியூயார்க்கில் 24 மணி நேரம். இல்லினாய் மாநிலத்திலோ, எந்தக் கவுண்டியில் வாங்கினீர்களோ அந்தக் கவுண்டிக்குள்ளேயே கல்யாணம் நடக்க வேண்டும். இப்படி மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால்தான் சொந்தக்காரர்கள் சொல்லும் அனுபவம் ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. உங்களுக்குக் கலிபோர்னியா விதி மட்டும் போதும். அதன்படி, பொது லைசென்ஸை, அதாவது வழக்கமான வகையை, எந்தக் கவுண்டியில் வாங்கினாலும் மாநிலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் செய்யலாம். நீங்கள் சான் ஹோசே இருக்கும் சான்டா கிளாரா கவுண்டியில் வாங்குங்கள், வீட்டுக்குப் பக்கம்.

கலிபோர்னியாவில் ரகசிய லைசென்ஸ் என்று இன்னொரு வகையும் உண்டு. அதற்குச் சாட்சி வேண்டாம், பதிவைப் பிறர் பார்க்க முடியாது. ஆனால் இருவரும் ஏற்கெனவே தம்பதியாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது பொருந்தாது. பொது லைசென்ஸ் என்றே கேளுங்கள்.

கவுண்டருக்குப் போகும்போது இருவருடைய பாஸ்போர்ட், கட்டணம் (கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும், 100 டாலருக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும்), இணையத்தில் முன்பே நிரப்பிய விண்ணப்பத்தின் எண். இவ்வளவுதான். யாருக்காவது முன்பு விவாகரத்து ஆகியிருந்தால் அது முடிந்த தேதி சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். சமீபத்தியது என்றால் தீர்ப்பின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் நம்மவர்கள் தடுமாறும் இடம் வேறு. இருவருடைய பெற்றோரின் பெயரும் பிறந்த நாடும் கேட்பார்கள். பெயர் என்றால் பிறந்தபோது இருந்த பெயர். நம் அம்மாக்களுக்குக் கல்யாணத்துக்கு முன் தாத்தாவின் இனிஷியல், பின் அப்பாவின் இனிஷியல். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் அப்பாவின் இனிஷியல்தான் இருக்கும். பிள்ளைகள் அதையே எழுதிவிடுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு போன் போட்டு, பள்ளிச் சான்றிதழில் பெயர் எப்படி இருந்தது, தாத்தாவின் முழுப் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். கவுண்டரில் நின்றுகொண்டு கேட்டால் ஊரில் அப்போது நள்ளிரவாக இருக்கும்.

அச்சடிப்பதற்கு முன் கிளார்க் நிரப்பிய விவரங்களை உங்களிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார். அவசரப்படாதீர்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்தால் இன்னும் நல்லது.

இப்போது பெயர் விஷயம். கலிபோர்னியாவில் 2009 ஜனவரி 1 முதல், கல்யாணத்துக்குப் பின் வைத்துக்கொள்ளும் பெயரை லைசென்ஸிலேயே எழுதலாம். கேட்க வசதியாக இருக்கிறது. ஆனால் அங்கே கடைசிப் பெயராக வைக்க அனுமதிப்பது துணைவரின் கடைசிப் பெயரை, அல்லது இருவரில் யாராவது ஒருவர் பிறந்தபோது இருந்த கடைசிப் பெயரை, அல்லது அவற்றின் சேர்க்கையை. நம் வழக்கத்துக்கு இது எப்படி முடிகிறது என்று பாருங்கள். மணமகன் கார்த்திக், பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக இருப்பது அவர் அப்பா பெயர் சுந்தரம். மணமகள் நந்தினி ராமலிங்கம். நந்தினி "கணவர் பெயரை" எடுத்துக்கொண்டால் கலிபோர்னியா கணக்கில் அவர் நந்தினி சுந்தரம், அதாவது மாமனார் பெயர். அவர் மனத்தில் இருந்தது நந்தினி கார்த்திக். கார்த்திக் என்பது முதல் பெயர் என்பதால் லைசென்ஸ் வழியாக அது முடியாது. நீதிமன்றத்தில் தனியாக மனுச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. அந்தக் கட்டத்தில் எழுதியதைக் கல்யாணத்துக்குப் பிறகு, மனம் மாறிவிட்டது என்று திருத்த முடியாது. எழுத்தர் செய்த பிழையை மட்டும்தான் சரிசெய்வார்கள். மாறிய பெயரை அப்புறம் பாஸ்போர்ட், விசா, சோஷியல் செக்யூரிட்டி, ஓட்டுநர் உரிமம், வங்கி என்று ஒவ்வொரு இடத்திலும் மாற்ற வேண்டும். என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன்: விசாவில் இருக்கும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக விட்டால் அவர் பெயர் அப்படியே இருக்கும். மனைவி பெயர் மாறினால்தான் கல்யாணம் செல்லும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் இதை நீங்கள் மட்டும் முடிவு செய்யாதீர்கள். பெயர் அவருடையது, அவரிடம் கேளுங்கள்.

அடுத்தது கோயில். நடத்திவைப்பவர் 18 வயது நிறைந்த, தன் சமயத்தால் அங்கீகரிக்கப்பட்ட பூசகராக இருந்தால் போதும். கலிபோர்னியாவில் அவர் தன்னை எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இடம் பதிவு செய்யும்போதே, "லைசென்ஸில் யார் கையெழுத்துப் போடுவார்?" என்று கோயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சாட்சி ஒருவர் கட்டாயம், அதிகபட்சம் இருவர். தாய்மாமா, சித்தப்பா, அத்திம்பேர் எல்லோரும் ஆசைப்படுவார்கள், ஆனால் கட்டம் இரண்டுதான். யார் என்று வீட்டில் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

கையெழுத்தை மணவறையில் வைத்துக்கொள்ளாதீர்கள். விரலில் மஞ்சள், உள்ளங்கையில் அட்சதை, பக்கத்தில் ஹோமப் புகை. அந்தத் தாளில் அடித்தல், திருத்தல், வெள்ளை மை எதுவும் கூடாது. கெட்டுப்போனால் கட்டணம் கட்டி மாற்று லைசென்ஸ் வாங்கி எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். சடங்கு முடிந்ததும், பந்திக்கு முன், கோயில் அலுவலக மேசையில் கை கழுவித் துடைத்துக்கொண்டு கறுப்பு மைப் பேனாவால் போடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். திருமணம் நடந்த கவுண்டி என்ற கட்டத்தில் அலமேடா என்று எழுத வேண்டும். லிவர்மோர் இருப்பது அங்கேதான். லைசென்ஸ் சான்டா கிளாராவில் வாங்கியதால் பலர் அதையே எழுதிவிடுகிறார்கள்.

கையெழுத்தான தாள், கல்யாணம் நடந்த 10 நாளுக்குள் லைசென்ஸ் கொடுத்த கவுண்டிக்குத் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு அது சான்டா கிளாரா. அனுப்பும் பொறுப்பு சட்டப்படி நடத்திவைத்தவருடையது. என் தங்கை கல்யாணத்தில் நாங்கள் அவரே அனுப்பிவிடுவார் என்று இருந்தோம், அவர் நாங்கள் அனுப்புவோம் என்று இருந்தார். ஐந்து வாரம் கழித்து, மீந்த தாம்பூலப் பைகளை எடுத்துவைக்கும்போது வெற்றிலைக் கறையோடு உறை கிடைத்தது. அந்த ஐந்து வாரமும் தங்கை சரியாகத் தூங்கவில்லை, மாப்பிள்ளைக்கு விசா மனு நின்றிருந்தது. நீங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையைக் கையோடு கொண்டுபோங்கள். தாளைப் போனில் படம் எடுத்துவிட்டு, குருக்களின் ஒப்புதலோடு வீட்டில் பொறுப்பான ஒருவரைத் திங்கட்கிழமையே தபாலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒருவேளை தொலைந்தே போனாலும் வழி உண்டு, லைசென்ஸ் வாங்கிய ஒரு வருடத்துக்குள் மாற்று வாங்கலாம்.

அனுப்பிவிட்டால் சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது. பதிவானதும் சான்டா கிளாரா கவுண்டியிலேயே கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் கேட்க வேண்டும். மூன்று வாங்குங்கள். ஒன்று விசா வேலைக்கு, ஒன்று வீட்டில் பத்திரமாக. மூன்றாவதை கலிபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளுக்குச் சான்று சொல்லும் முத்திரை) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான சர்வதேச உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதனால் ஊரில் எந்த அலுவலகத்தில் கேட்டாலும் அதைக் காட்டலாம். பின்னால் சென்னையிலோ மதுரையிலோ வரவேற்பு வைத்தாலும், திருமணத் தேதி என்று கேட்கும் எல்லாப் படிவத்திலும் ஆகஸ்ட் 30 என்றே எழுதுங்கள்.