60 ஆட்டம் வென்ற கூடைப்பந்து அணி பிளேஆஃபில் ஏன் திணறுகிறது?

லீக் கட்டம் முடிந்ததும் வரும் நாக் அவுட் சுற்றுதான் பிளேஆஃப். அதில் ஒரு தொடர் என்றால் அதே இரண்டு அணிகள் திரும்பத் திரும்ப மோதுவது. வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் 7 ஆட்டங்களில் முதலில் 4 வென்ற அணி மேலே போகும். லீக் கட்டத்தில் ஆட்டத்துக்கு ஒரு எதிரணி; உங்களை ஆராய யாருக்கும் நேரமில்லை. தொடரில் அதுதான் முழுநேர வேலை. ஒரே ஆளோடு தினமும் கேரம் ஆடினால், எந்தக் காய் உங்களுக்கு வராது என்று அவர் கண்டுபிடித்துவிடுவார் இல்லையா, அதேதான்.

2019இல் லீக் கட்டத்தில் 60 வெற்றிகளோடு வந்த மில்வாக்கி பக்ஸ் அணி, பிளேஆஃபில் டொராண்டோ அணிக்கு எதிராக 2-0 முன்னிலையில் இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் பக்ஸின் ஸ்டார் யானிஸைத் தடுக்கும் பொறுப்பு டொராண்டோ வீரர் கவாய் லெனார்டுக்குப் போனது. யானிஸ் கூடையை நோக்கிப் பாய்ந்தால் மற்றவர்களும் குறுக்கே வந்து சுவராக நின்றார்கள். அப்புறம் பக்ஸுக்கு வரிசையாக 4 தோல்வி.

‘ஸ்டார் பயந்துட்டார்’ என்று ரசிகர்கள் திட்டுவது வழக்கம். பெரும்பாலும் அவருக்குப் பழகிய வழியை எதிரணி அடைத்திருக்கும், பயிற்சியாளரிடம் மாற்று ஏற்பாடு இருக்காது.