கிரிக்கெட்டா, கபடியா, ஷட்டிலா? இருநூறாவது ஆளின் சம்பளத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளிக் கபடி அணியில் ரெய்டர். 400 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டென்னிஸ் பந்து கிரிக்கெட். விளையாட்டையே தொழிலாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். என் மைத்துனர் ஷட்டில் அகாடமியில் சேர்க்கச் சொல்கிறார். எங்களால் மாதம் எட்டாயிரம் ரூபாய் வரை செலவு செய்ய முடியும். எந்த விளையாட்டில் போனால் பிழைப்புக்கு உத்தரவாதம்?
– ஒரு தந்தை, நாமக்கல் மாவட்டம்

பதில்: உத்தரவாதம் எந்த விளையாட்டிலும் கிடையாது. ஆனால் எதில் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்று ஓரளவு கணக்குப் போட முடியும். பெற்றோர் பலரும் உச்சியில் இருப்பவரை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ரிஷப் பந்த் ஐபிஎல் கிரிக்கெட்டில் 27 கோடிக்கு ஏலம் போனார், உலக சதுரங்கப் பட்டம் வென்ற குகேஷுக்குத் தமிழக அரசு 5 கோடி கொடுத்தது என்று. நீங்கள் விசாரிக்க வேண்டியது அந்த விளையாட்டில் நாட்டிலேயே இருநூறாவது இடத்தில் இருக்கிற ஆளைப் பற்றி. அவருக்கு மாதாமாதம் பணம் வருகிறதா, யார் தருகிறார்கள், அந்த இடத்துக்கு வருவதற்குள் அவர் வீட்டிலிருந்து எவ்வளவு போயிருக்கும்?

இந்த அளவுகோலில் கிரிக்கெட்டை அடிக்க ஆளில்லை. ஐபிஎல்லில் பத்து அணிகள், அணிக்கு அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டவர் எட்டு பேர் வரை. ஆக இந்தியர்களுக்கு நூற்றெழுபது இடங்கள் சுமாராக இருக்கும். ஏலத்தில் குறைந்தபட்ச அடிப்படை விலையே இப்போது 30 லட்சம். அதற்குக் கீழே, மாநில அணிகள் மோதுகிற ரஞ்சிக் கோப்பையில் 38 அணிகள். இருபது போட்டிகள்கூட ஆடாத புதியவர் ஆடும் பதினொருவரில் இருந்தால் நாளுக்கு 40,000 ரூபாய். நான்கு நாள் ஆட்டம், லீக் சுற்றில் ஏழு ஆட்டங்கள் என்றால் 11 லட்சத்துக்கு மேல் வருகிறது. இந்தியாவில் ஐநூறாவது ஆள்கூட விளையாடி மட்டுமே குடும்பம் நடத்தக்கூடிய ஒரே விளையாட்டு இதுதான்.

சரி, அப்படியானால் கிரிக்கெட்டிலேயே விட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள மாநிலத்துக்கு ரஞ்சி அணி ஒன்று. ஒரு சீசனில் அதில் ஆடுபவர்கள் இருபது பேர் தேறுவார்கள். உங்கள் மகன் வயதுப் பையன்கள் சென்னையிலும் கோவையிலும் ஐந்தாறு வருடமாக ஸ்டிச் பந்தில், அதாவது போட்டிகளில் ஆடுகிற தோல் பந்தில், ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்திலிருந்துதானே வந்தார் என்று கேட்பீர்கள். உண்மைதான். இருபது வயதை ஒட்டித்தான் அவர் சென்னை லீக்குக்கே வந்தார், 2017இல் 3 கோடிக்கு ஏலம் போனார். ஆனால் அவர் இடக்கை வேகப்பந்து வீச்சாளர், யார்க்கர் அவருக்குக் கைவந்த கலை. அப்படி அபூர்வமான ஒன்று இருந்தால் கதவு தாமதமாகவும் திறக்கும். நன்றாக அடிக்கிறான் என்பது மட்டும் போதாது, நன்றாக அடிப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு வருடம் ஸ்டிச் பந்தில் ஆடட்டும். அதற்குள் மாவட்டத்தின் 16 வயதுக்குட்பட்ட அணித் தேர்வில் பெயர் வரவில்லை என்றால், கிரிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கலாம் என்றால் கேட்காதீர்கள். 16 வயதுக்குட்பட்டோருக்குக் கிரிக்கெட் வாரியம் எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைப் பார்க்கிறது.

ஷட்டில் வேண்டாம். உங்கள் மைத்துனர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதில் மேலே வருபவர்கள் ஏழெட்டு வயதிலேயே மட்டையைப் பிடித்தவர்கள். இறகுப் பந்து ஒரு டப்பா இரண்டாயிரத்தைத் தாண்டுகிறது, தீவிரப் பயிற்சியில் அது எத்தனை நாளைக்கு வரும் என்று அகாடமியிலேயே கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் தரவரிசைப் போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போகிற செலவு முழுக்க வீட்டுத் தலையில். டென்னிஸ் இன்னும் மோசம். 2023 செப்டம்பரில் சுமித் நாகல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். பயிற்சியாளருக்கும் பயணத்துக்குமே வருடம் ஒரு கோடி வரை போகிறதாம். அப்போது அவர் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் வீரர்! நான்கு மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓப்பனில் இரண்டாம் சுற்றுக்குப் போனதில் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது, மூச்சு வந்தது. முதல் ஆளுக்கே இந்த நிலை என்றால் இருநூறாவது ஆளைப் பற்றிப் பேசவே வேண்டாம். சதுரங்கமும் வீட்டுப் பணத்தில் வளர்கிற விளையாட்டுதான், உங்கள் மகனுக்கு அது பொருந்தாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

இப்போது கபடி. புரோ கபடியில் 12 அணிகள். பவன் ஷெராவத் 2023 ஏலத்தில் 2.60 கோடிக்குப் போனார், அதை விடுங்கள். அண்மைச் சீசன்களில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம். இளம் வீரர்களாக நேரடியாக எடுக்கப்படுபவர்களுக்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கும். சில மாத ஆட்டத்துக்கு இது நல்ல பணம்தான், ஆனால் அதையே நம்பி இருக்க முடியாது. முழங்கால் தசைநார் ஒன்று போனால் ஒரு சீசன் போச்சு. ஆனால் கபடியில் உண்மையான சம்பளம் லீக்கிலிருந்து வருவதில்லை. ரயில்வே, ராணுவம், காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. தமிழக அரசு வேலைகளிலும் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. லீக்கில் பெயரே தெரியாத, ஓரத்தில் நின்று ரெய்டரைப் பிடிக்கிற ஒரு கார்னர் டிஃபெண்டர் ரயில்வேயில் மாதச் சம்பளம், ஓய்வுக்காலப் பலன் என்று இருப்பார். அவர்தான் நான் சொன்ன இருநூறாவது ஆள். செலவும் குறைவு. ஷூ, முழங்கால் பட்டை, சாப்பாடு, போக வர பஸ் காசு. உங்கள் எட்டாயிரத்தில் பாதிக்கு மேல் முட்டைக்கும் பாலுக்கும் போகட்டும்.

லீக்குகளைப் பற்றி ஒன்று. ஹாக்கி இந்தியா லீக் 2017க்குப் பிறகு நின்றது, 2024 கடைசியில்தான் மறுபடி வந்தது. 2019இல் தொடங்கிய புரோ வாலிபால் ஒரே சீசனோடு முடிந்து, வேறு பெயரில் 2022இல் வந்தது. 2025இல் ஐஎஸ்எல் கால்பந்தின் உரிம ஒப்பந்தம் இழுபறியானபோது சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. டிவியில் தெரிகிற வெளிச்சத்தை வைத்து விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீங்கள் போகிற போக்கில் எழுதிய 400 மீட்டர்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஓட்டத்தில் லீக் இல்லை, ஏலம் இல்லை. ஆனால் 400 மீட்டரில் தொடர் ஓட்டம் (ரிலே) இருக்கிறது. ஆண்கள் அணிக்கு நாலு பேர், கலப்பு அணிக்கு இரண்டு பேர், மாற்று ஆட்கள் வேறு. இங்கே நாட்டில் ஐந்தாம், ஆறாம் இடத்தில் இருப்பவருக்கும் தேசிய முகாமில் இடம் இருக்கிறது. 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 2 நிமிடம் 59.05 நொடியில் ஆசிய சாதனை படைத்த இந்திய அணியில் ஓடிய ராஜேஷ் ரமேஷ் திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்திலிருந்து வந்தவர். தவிர, ஓட்டத்தில் யார் சிபாரிசும் தேவையில்லை, கடிகாரம் சொல்வதுதான் கடைசி வார்த்தை. ரெய்டருக்கு வேண்டிய வெடிப்பும் மூச்சும் 400 மீட்டர் பயிற்சியில் தானாக வரும். அதனால் 17 வயது வரை இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கச் சொல்வேன். அப்புறம் ஓட்ட நேரமும் உடம்பும் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். ஊர்த் திருவிழா இரவுக் கபடிக்கு மட்டும் அளவு வையுங்கள், பரிசுப் பணத்துக்காக வாரா வாரம் ஆடி 18 வயதுக்குள் முழங்காலைத் தொலைத்த பையன்கள் நிறைய.

மகளாக இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். பெண்களுக்குப் புரோ கபடி போன்ற லீக் இன்னும் நிலைபெறவில்லை. 2023இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் குறைந்தபட்ச அடிப்படை விலை 10 லட்சம், போட்டியிடும் பெண்களோ பையன்களைவிட மிகக் குறைவு. கிரிக்கெட் பக்கம் துணிந்து தள்ளியிருப்பேன்.

அடுத்தது சான்றிதழ். வேலை வாங்கித் தருவது கோப்பையல்ல, படிவம்தான். அங்கீகாரம் பெற்ற தேசிய சம்மேளனம் நடத்திய போட்டி, பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, இவற்றில் ஆடியதற்கு உரிய படிவத்தில் உரியவர் கையெழுத்து வேண்டும். பெயரில் ‘இந்தியா’, ‘நேஷனல்’ என்றெல்லாம் போட்டுக்கொண்டு, நுழைவுக் கட்டணமாக ஆயிரக்கணக்கில் வாங்கி, கோவாவிலோ டெல்லியிலோ போட்டி நடத்திப் பதக்கம் மாட்டி அனுப்புகிற அமைப்புகள் ஏராளம். அந்தக் காகிதத்தை எந்தத் துறையும் வாங்காது. பணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

படிப்பையும் விட முடியாது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளில் வயது 18 முதல் 25. பத்தாவது முடித்தவருக்கு ஒரு நிலை, பன்னிரண்டாவதுக்கு அதற்கு மேல், பட்டதாரிக்கு இன்னும் மேல். ஒரே பதக்கம், ஒரே வேகம், ஆனால் சம்பள நிலை வேறு. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியாக உண்டு, தனியார் கல்லூரிகள் பல கட்டணமும் விடுதியும் இலவசமாகத் தருகின்றன.

இந்த வருடம் செய்ய வேண்டியது இதுதான். மாவட்டத் தலைநகரில் சிந்தெட்டிக் தடம் (செயற்கை ஓடுதளம்) எங்கே இருக்கிறது, யார் பயிற்சி தருகிறார்கள் என்று விசாரித்து வாரம் மூன்று நாளாவது அனுப்புங்கள். 16 வயதுக்குட்பட்டோர் மாநிலப் போட்டியில் ஓடட்டும். கபடியில் வயதோடு எடை வரம்பும் உண்டு, வளர்கிற பையனைப் பட்டினி போட்டு எடை குறைக்க யாரையும் விடாதீர்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிக்குப் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கான தேர்வு கோடை விடுமுறையை ஒட்டி வரும். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளத்தில் வரும்போது பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒரே தேதியைக் காட்ட வேண்டும். இப்போதே எடுத்துப் பாருங்கள், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.