வேலையை விட்டுவிட்டு கோடிங் படிக்க பிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. சொந்த ஊர் காவேரிப்பட்டணம். 2015-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தேன். முதல் மூன்று வருடம் கிரானைட் பாலிஷ் யூனிட், அடுத்த இரண்டரை வருடம் மாங்கூழ் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ். இப்போது நான்கு வருடம் நான்கு மாதமாக ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்), பிஎல்சி (மெஷின்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) வேலை. கைக்கு 38,000 வருகிறது. அடிப்படைச் சம்பளம் 20,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 12,000. வாடகை, சீட்டு எல்லாம் சேர்த்து மாதச் செலவு 38,000. பேங்கில் 1.2 லட்சம் இருக்கிறது. பிஎஃப்பில் 2.1 லட்சம், மாங்கூழ் கம்பெனி பிஎஃப் 45,000 தனியாகக் கிடக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, கம்பெனி இன்சூரன்ஸில் சேர்த்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு பெங்களூரில் ஆறு மாத சாஃப்ட்வேர் கோர்ஸ் சேர நினைக்கிறேன். கட்டணம் 2.5 லட்சம், ஜிஎஸ்டி தனி. பிஎஃப்பை எடுத்துக் கட்டலாமா?

பதில்: சாஃப்ட்வேருக்குத் தாராளமாகப் போங்கள். ஆனால் இப்போதே வேலையை விட வேண்டாம், பிஎஃப்பையும் தொட வேண்டாம்.

கோர்ஸ் கட்டணத்தை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் அது 2.95 லட்சம். உங்கள் சம்பளம் நின்றால் வீட்டில் மாதம் 26,000 துண்டு விழும். ஆறு மாதம் படிப்பு, அப்புறம் வேலை தேட ஒரு ஆறு மாதம் என்று வைத்தால் 3.12 லட்சம். ஆக மொத்தம் 6 லட்சத்துக்கு மேல். கையிருப்பையும் ஓசூர் கம்பெனி பிஎஃப்பையும் துடைத்து எடுத்தாலும் 3.3 லட்சம்தான் தேறும். மீதிக்கு மனைவியின் நகை அடகுக்குப் போகும். "வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும்" என்று இன்ஸ்டிட்யூட்டில் சொன்னால் தாளை வாங்கிப் படியுங்கள். பல இடங்களில் அது உங்கள் பெயரிலேயே ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இஎம்ஐ ஓடும்.

இத்தனைக்கும் பிறகு ஃப்ரெஷராக உள்ளே போனால் என்ன சம்பளம்? பெரிய ஐடி கம்பெனிகள் புதியவர்களுக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் போலத்தான் தருகின்றன. நீங்கள் இப்போது வாங்குவதைவிட அது குறைவு.

இனி பிஎஃப். முதல் வேலையாக அந்த 45,000-ஐ இப்போதைய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் பிஎஃப்பை எடுத்தால் வரி உண்டு. ஓசூர் கம்பெனியை மட்டும் பார்த்தால் உங்களுக்கு இன்னும் ஐந்து ஆகவில்லை. பழைய கணக்கைச் சேர்த்துவிட்டால் அந்த இரண்டரை வருடமும் கூடி ஆறே முக்கால் வருடம் தாண்டுகிறது. எப்போதாவது எடுக்க நேர்ந்தாலும் வரித் தொல்லை இல்லை. இன்னொன்று, பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எடுக்காமல் விட்டால், நாளை சாஃப்ட்வேர் கம்பெனியில் செய்யும் சேவையும் இதோடு சேரும். தவிர 2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25%. அதைக் கரைத்துவிட்டு நகைக்கடனுக்கு வட்டி கட்டுவதில் எந்த லாபமும் இல்லை.

கிராஜுவிட்டி, அதாவது ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்குக் கம்பெனி தரும் பணிக்கொடை, அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஐந்து வருடம் முடிய இன்னும் எட்டு மாதம். முடித்தால் வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் (மாதத்துக்கு 26 நாள் கணக்கு): 20,000 × 15/26 × 5, அதாவது சுமார் 57,700 ரூபாய் உங்களுக்கு வர வேண்டிய பணம். பொறுத்திருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த எட்டு மாதத்தில் படியுங்கள். என்ன படிப்பது என்பதும் பணக் கேள்விதான், அதனால் சொல்கிறேன். வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டு வரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பானேன்? மெஷின் ஏன் நின்றது, சென்சார் எப்போது பொய் சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும்; அவர்களுக்குத் தெரியாது. பிஎல்சியிலிருந்து ஸ்காடா (மெஷின்களைத் திரையில் கண்காணிக்கும் மென்பொருள்), அங்கிருந்து எஸ்க்யூஎல் (தரவைத் தேடி எடுக்கும் மொழி), பைத்தான் (நிரல் எழுதும் மொழி) என்று நகர்ந்தால் தொழிற்சாலைத் தரவுகளைக் கையாளும் மென்பொருள் வேலைகளுக்கு வழி இருக்கிறது. கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதும் எம்பெடட் சி பிடித்தால் மின்வாகனப் பக்கம் போகலாம். ஓசூரில் டிவிஎஸ், ஏத்தர். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. எல்லாம் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன. எலெக்ட்ரானிக் சிட்டியும் ஓசூர் சாலையில்தான். ஐஐடிகள் ஆன்லைனில் நடத்தும் என்பிடிஇஎல் பாடங்கள் இலவசம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். நைட் ஷிஃப்ட் வாரங்களில் படிப்பு நகராது என்பது தெரிந்ததே. எட்டு மாதம் பத்து மாதமானாலும் சம்பளம் வந்துகொண்டுதானே இருக்கும். உங்கள் கம்பெனியிலேயே தரவு, ஆட்டோமேஷன் வேலை ஏதாவது நடந்தால் கேட்டு அதில் ஒட்டிக்கொள்ளுங்கள். ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு எந்த இன்ஸ்டிட்யூட் சான்றிதழுக்கும் கிடையாது என்பது என் கருத்து.

இப்போது மாதம் 12,000 மிச்சமாகிறது. எட்டு மாதத்தில் 96,000. கையிருப்பும் கிராஜுவிட்டியும் சேர்ந்தால் 2.73 லட்சத்துக்கு மேல். அதன்பின் வேலை இல்லாமல் இருக்க நேர்ந்தாலும் பத்து மாதத் துண்டை அது தாங்கும், பிஎஃப்பைத் தொடாமலே.

அப்பா விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் வெளியேறும் அன்றே குரூப் பாலிசி நின்றுவிடும். அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஹெச்ஆரிடம் கேளுங்கள். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டி வரலாம், எனவே சீக்கிரம் தொடங்குவது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

புதிய ஆஃபர் வரும்போது சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காகச் செலவிடுவதாகக் காட்டும் மொத்தத் தொகையை, பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் வேரியபிள் தொகை எல்லாம் கலந்திருக்கும். கைக்கு மாதம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பெங்களூர் போய்வரும் செலவையோ அங்கே வாடகையையோ கழித்த பிறகும் 38,000-க்குக் கீழே போகிறது என்றால், எத்தனை மாதம் தாங்கலாம் என்று மனைவியோடு உட்கார்ந்து பேசிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.