அப்பா தினமும் ஆஸ்பிரின் சாப்பிடலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 72. மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. மாரடைப்புக்குப் பின் இதயக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து, ஆறு மாதமாகப் பசியாறியதும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் போட்டுக்கொள்கிறார். இது அவர் இதயத்தைக் காக்குமா, டாக்டர்?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: இருவரும் விழுங்குவது ஒரே மாத்திரைதான், ஆனால் இருவருக்கும் கிடைக்கும் பலன் ஒன்றல்ல. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர்காக்கும் மருந்து என்பதை, 17,187 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு நிறுவியது. இதய நோயே இல்லாத முதியவர்களின் நிலை வேறு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில், யாருக்கு ஆஸ்பிரின், யாருக்கு மருந்தற்ற போலி மாத்திரை என்பது அவர்களுக்கும் தெரியாது, ஆய்வாளர்களுக்கும் தெரியாது. 2018இல் முடிவு வந்தபோது இதய நோய் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கவில்லை, ஆனால் கடும் இரத்தக்கசிவு கூடியிருந்தது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பதே இம்மருந்தின் வேலை. இதயக் குழாயில் நன்மையாகும் அதே வேலை, வயிற்றுப் புண்ணில் ஆபத்தாகிறது.

மலம் தார்போல் கறுத்துப் போகிறதா என்று தந்தையிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்; அது வயிற்றில் இரத்தம் கசிவதன் அறிகுறி. ஆம் என்றால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இல்லையென்றாலும், மாத்திரை அட்டையோடு இவ்வாரமே கிளினிக்கிற்குச் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். அவருக்கு உண்மையில் எந்த மருந்து தேவை என்பது அதில்தான் தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுத் தம் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்; ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்துவிடக்கூடும்.