ஆன்மவாதமும் ஷாமன் வழக்கமும் ஒன்றா? நகரத்தில் இருப்பவர் எங்கே தொடங்கலாம்?

ஒன்றல்ல. மரம், ஆறு, பாறை எல்லாம் நம்மோடு உறவாடக்கூடியவை என்று பார்ப்பது ஆன்மவாதம். 1871இல் எட்வர்டு டைலர் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் இந்தச் சொல்லை மானுடவியலில் நிலைநிறுத்தினார். ஷாமன் என்பவர் தன் மக்களுக்காக ஆவிகளின் உலகத்தோடு பேசுகிறவர். சொல்லே சைபீரியாவின் எவெங்கி மக்களிடமிருந்து வந்தது. ஷாமன் ஆவதற்குப் பல வருடப் பயிற்சி வேண்டும். வார இறுதி வகுப்பில் அந்தப் பட்டம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நமக்குக் கல் அஃறிணை. வட அமெரிக்காவின் ஒஜிப்வே மொழியிலோ கல் என்ற சொல் இலக்கணப்படியே உயிருள்ளவற்றின் வகையில் சேரும்! அந்தப் பார்வைதான் தொடக்கம்.

சரி, ஜன்னலிலிருந்து தெரிகிற ஒரே ஒரு மரம் போதும். போனை உள்ளே வைத்துவிட்டு தினமும் பத்து நிமிடம் பாருங்கள்: எறும்பு எந்தப் பட்டை வெடிப்பில் நுழைகிறது, முதல் வெயில் எந்தக் கிளையில் விழுகிறது என்று. அப்புறம் ஒருநாள் அந்தக் கிளையை யாராவது வெட்டினால் உங்களுக்கு வலிக்கும்.