டவுன் மீட்டிங்கில் கை தூக்குவதற்கு முன்: மாசசூசெட்ஸ் தமிழர்களுக்குக் கேள்வி பதில்

மாசசூசெட்ஸின் சிறு ஊர்களில் வசிக்கும் நண்பர்கள், முக்கியமாகப் புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள், என்னிடம் கேட்டவை இவை. எங்கள் ஊர் நிதிக் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

அக்கா, நவம்பரில் வாக்களித்தோமே, வசந்த காலத்தில் மறுபடியும் எதற்கு?

உங்கள் மகள் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பனி அள்ள புது வண்டி வாங்குவதா, தெருமுனையில் அடுக்கு வீடு எழலாமா என்பதெல்லாம் முடிவாவது பள்ளி அரங்கில் நடக்கும் டவுன் மீட்டிங்கில்தான். நம் கிராம சபை போல நேரில் வந்து கை தூக்க வேண்டும். ஆனால் இங்கே அந்த அரங்கில் இருக்கும் வாக்காளர்களே ஊரின் சட்டமன்றம். பெரிய ஊர்கள் சில இதற்கெனப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. 6,000 பேருக்குக் குறைந்த ஊர்களில் எல்லோருக்கும் திறந்த கூட்டம்தான். தபால் வாக்கு கிடையாது. அரங்கில் உங்களுக்குத் தரும் வாக்கு அட்டையை உங்கள் கணவர் தூக்கவும் முடியாது.

நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மாவிடம் கிரீன் கார்டு மட்டும்தான்.

சொந்த வீடு தேவையில்லை. குடியுரிமை பெற்று, கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பாகவே வாக்காளராகப் பதிந்திருந்தால் போதும். அம்மாவுக்கு வாக்கு இல்லை, ஆனால் வந்து அமரலாம். அனுமதி கேட்டுப் பேசவும் செய்யலாம்.

ஓவர்ரைடு என்று அட்டை நட்டிருக்கிறார்கள். ஆதரித்தால் எவ்வளவு வரி கூடும்?

1980இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 'இரண்டரை' விதிப்படி, ஊர் வசூலிக்கும் மொத்தச் சொத்துவரியின் வரம்பு ஆண்டுக்கு 2.5 சதவீதம்தான் உயரலாம். புதுக் கட்டடங்களால் வருவது தனி. ஆசிரியர் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் அதைவிட வேகமாக ஏறும்போது பள்ளம் விழுகிறது. அதை நிரப்பக் கேட்பதே ஓவர்ரைடு. கூட்டம் செலவை ஏற்பதோடு, வாக்குச்சாவடியிலும் பெரும்பான்மை வேண்டும். இரண்டுக்கும் போங்கள். முதலாவதில் கை தூக்கிவிட்டு, இரண்டாவதை மறந்து வீட்டில் இருந்துவிட்ட குடும்பங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

கணக்கு எளிது. ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு 400 கோடி டாலர், கேட்கும் தொகை 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஐம்பது சென்ட். எட்டு லட்ச டாலர் வீட்டுக்கு ஆண்டுக்கு 400. இது ஒரே ஆண்டோடு போவதில்லை, வரி வரம்பிலேயே நிலைத்துவிடும். கட்டடக் கடனை அடைக்க வரம்புக்கு வெளியே வசூலிக்கும் வரி மட்டும் கடன் தீர்ந்ததும் நீங்கும். ஆதரியுங்கள், எதிர்த்து வாக்களியுங்கள், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இசை வகுப்பை நிறுத்துகிறார்களாம். கூட்டத்தில் எழுந்து தடுக்கலாமா?

முடியாது. பள்ளிக்கான மொத்தத் தொகையைத்தான் கூட்டத்தில் உயர்த்தவோ குறைக்கவோ முடியும். உள்ளே எதற்கு எவ்வளவு என்பது பள்ளிக் குழுவின் உரிமை. குளிர்காலத்தில் அவர்கள் நடத்தும் பொது விசாரணைக்குப் போங்கள். அங்கே இருபது பெற்றோர் வந்தாலே அறை நிறைந்துவிடும்.

ஜோனிங் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாமே?

நிலப் பயன்பாட்டு விதியை மாற்ற அதுதான் பொது விதி. 2021 ஜனவரியில் வந்த சட்டம், வீடுகளைப் பெருக்கும் சில மாற்றங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றது. அதற்கு முந்தைய ஒரு கூட்டம் எனக்கு மறக்கவில்லை. பழைய ஆலைப் பக்கம் அடுக்கு வீடுகளை அனுமதிக்கும் தீர்மானம். இரவு பத்து தாண்டியது. பிள்ளை பார்த்துக்கொள்பவரை அனுப்ப வேண்டும் என்று இளம் பெற்றோர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வெளியேறினார்கள். எண்ணுபவர்கள் இரண்டு முறை எண்ணினார்கள். நான்கு கைகள் குறைந்தன. தோற்ற ஜோனிங் தீர்மானம், திட்டக் குழு பரிந்துரைத்தால் ஒழிய, இரண்டு ஆண்டுகளுக்கு மறுபடி வர முடியாது. வீடு தேடிக்கொண்டிருந்த இரண்டு ஆசிரியைகள் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து, "கடைசித் தீர்மானம் வரை இருங்கள்" என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

ரயில் வசதியுள்ள ஊர்கள் அடுக்கு வீடுகளை அனுமதித்தே ஆக வேண்டுமா?

பாஸ்டன் போக்குவரத்து வலையத்தைச் சேர்ந்த 177 ஊர்களுக்கு அப்படி அனுமதிக்கச் சொல்லும் சட்டம் உண்டு. மில்டன் ஊரில் இதற்காகக் கூட்டம் ஏற்ற விதியை 2024 பிப்ரவரியில் மக்கள் வாக்கெடுப்பு ரத்து செய்தது. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், அரசுத் தலைமை வழக்கறிஞர் அதை அமல்படுத்தலாம் என்றது. வழிகாட்டு நெறிகளை மட்டும் முறைப்படி மறுபடி வெளியிடச் சொன்னது. ஆக, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் ஊரில் 'வேண்டாம்' என்ற வாக்கோடு விஷயம் முடிந்துவிடாது. எந்த இடத்தில், எந்த வடிவில் என்பதில்தான் நம் குரலுக்கு வேலை இருக்கிறது. அதற்குத் திட்டக் குழுவின் விசாரணைக்கே போய்விட வேண்டும்.

எங்கள் தெருவில் நடைபாதையே இல்லை. யாரிடம் கேட்பது?

நீங்களே தீர்மானமாகக் கொண்டு வரலாம். ஆண்டுக் கூட்டத்துக்குப் பதிவு பெற்ற பத்து வாக்காளர்களின் கையெழுத்து போதும். சிறப்புக் கூட்டம் என்றால் பொதுவாக நூறு. கையெழுத்துகளைக் கொடுக்கும் கடைசி நாளை டவுன் கிளார்க்கிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் அது குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். பெயரையும் முகவரியையும் வாக்காளர் பட்டியலில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். பத்து பேர் போதும் என்றாலும் பதினைந்து பேரிடம் வாங்குங்கள், ஒன்றிரண்டு தள்ளுபடியாகும்.